அஞ்சு சுரம், நாலு கம்பி, மூணரை விரல்

கல்யாண ரிசப்ஷன்ல லைட் மியூசிக் பார்த்திருப்பீங்க. பாடறவங்க நடுவுல நிப்பாங்க. ஒரு பக்கம் கீபோர்ட், இன்னொரு பக்கம் தபேலா, பின்னாடி டிரம்ஸ். இவங்களுக்கெல்லாம் பின்னால, ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல, நீளக் கழுத்து வச்ச ஒரு கிடாரோட ஒருத்தர் யாரையும் பார்க்காம நின்னுட்டிருப்பார். அவர் என்ன வாசிக்கிறார்னு கேட்டா முக்கால்வாசிப் பேருக்குச் சொல்லத் தெரியாது. ஆனா அவர் நிறுத்தினா மட்டும், "என்னமோ பாட்டு மொட்டையாப் போச்சே" என்று பந்தியில உக்காந்திருக்கிறவருக்கும் தெரிஞ்சுடும். அவர்தான் பேஸ் கிடார்காரர். கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல ஒரு சின்ன ட்ரூப்புக்கு இப்போ அந்த இடத்தில் நிற்பது அடியேன்.

பேஸ் கிடாரில் பென்டடானிக் ஸ்கேல் பழகின கதைதான் இந்தப் பதிவு. இசை தெரியாதவங்களும் தைரியமா படிக்கலாம். எனக்கே அப்படி ஒண்ணும் பெரிசா தெரியாது. தெரிஞ்சது அஞ்சு சுரம். அதைப் பத்தி மட்டும்தான் எழுதப் போறேன்.

முதல்ல வாத்தியம். சாதாரண கிடாருக்கு ஆறு கம்பி, பேஸுக்கு நாலு. தடிமன் கம்பியிலிருந்து ஆரம்பிச்சா ஈ, ஏ, டி, ஜி. கிடாரோட தடிமனான நாலு கம்பிகளும் இதே பேர்தான். பேஸ்ல ஒரு ஸ்தாயி கீழே இருக்கும். அடிக் கம்பியைச் சும்மா தட்டினா ஒரு செகண்டுக்கு 41 தடவை அதிரும். மொபைல் ஸ்பீக்கர்ல அந்த அதிர்வு வரவே வராது. நெஞ்சுக்கூட்டுல கேக்கணும். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிட்டு அலைஞ்ச காலத்தில், தோளில் மாட்டிக்கிற மாதிரி ஃபெண்டர் கம்பெனி 1951-ல் பிரிசிஷன் பேஸைக் கொண்டு வந்தது. இன்னைக்கு நம்மூர் மேடையில பார்க்கிற பேஸ் கிடார் பெரும்பாலும் அதோட பேரன் பேத்திகள்தான்.

அடுத்தது பென்டடானிக். பேர்தான் வாயில நுழையாது, விஷயம் ரொம்பச் சுலபம். ஒரு ஸ்தாயிக்குள்ள அஞ்சே சுரம். கர்நாடக சங்கீதத்தில் ஔடவம் என்பார்கள். பழந்தமிழ் இசையிலும் இதுக்குக் கணக்கு உண்டு: ஏழு சுரம் இருந்தா பண், ஆறு இருந்தா பண்ணியற்றிறம், அஞ்சு இருந்தா திறம், நாலு இருந்தா திறத்திறம். சீனாக்காரங்க பழைய சங்கீதமும் அஞ்சு சுரம்தான். ஸ்காட்லாந்து நாட்டுப்பாட்டுல பலதும் அஞ்சு சுரம். அமெரிக்கக் கறுப்பின மக்களோட ப்ளூஸுக்கும் அஞ்சு சுரம்தான் முதுகெலும்பு.

ஏன் எல்லா ஊர்லயும் இந்த அஞ்சு? ஒரு சுரத்தை எடுத்துக்குங்க. அதோட பஞ்சமத்துக்குப் போங்க. அந்தப் பஞ்சமத்தை ஸ-வா வச்சு அதோட பஞ்சமத்துக்குப் போங்க. இப்படி நாலு தாவு தாவினா சி, ஜி, டி, ஏ, ஈ என்று அஞ்சு சுரம் கையில் நிற்கும். வரிசைப்படி அடுக்கினா சி, டி, ஈ, ஜி, ஏ. அவ்ளோதான் பென்டடானிக். ஸ-வுக்கும் ப-வுக்கும் உள்ள உறவு மனுஷக் காதுக்கு ரொம்பப் பழக்கமான உறவு, மூணுக்கு ரெண்டுங்கிற விகிதம். அதை நாலு தடவை பெருக்கினா போதும்.

இன்னொரு வழியிலும் சொல்லலாம். சங்கராபரணத்துல ம-வையும் நி-யையும் எடுத்துட்டா மிச்சம் இருக்கிறது மோகனத்தோட சுரங்கள். (மோகனம் ஹரிகாம்போதி ஜன்யமாச்சே என்று பண்டிதர்கள் கல்லெடுக்க வேண்டாம். நான் சொல்றது சுரக் கணக்கு மட்டும்தான்.) அந்த ரெண்டு சுரமும்தான் பக்கத்து சுரத்தோட அரைச்சுர இடைவெளியில் உரசிட்டு நிற்கும். அதுங்க போயிட்டா உரசல் போச்சு. அதனால இந்த அஞ்சுல எதை எந்த வரிசையில வாசிச்சாலும் அபஸ்வரமா கேக்காது. பாபி மெக்ஃபெரின் என்கிற அமெரிக்கப் பாடகர் 2009-ல் நியூயார்க்கில் ஒரு அறிவியல் விழா மேடையில இதை வச்சு ஒரு விளையாட்டு காட்டினார். மேடையில அங்கங்க குதிப்பார், குதிக்கிற இடத்துக்கு ஏத்த சுரத்தைக் கூட்டம் பாடணும். முதல் ரெண்டு சுரத்தைத்தான் அவர் சொல்லிக் கொடுத்தார். அடுத்த இடத்துக்குக் குதிச்சதும் கூட்டமே மூணாவது சுரத்தைக் கண்டுபிடிச்சுப் பாடிருச்சு. அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தாலும் எனக்குப் புல்லரிக்கும்.

சரி, நம்ம கதைக்கு வருவோம்.

நான் தொழில்ல மோட்டார் பம்ப் உதிரிபாகம் செய்யற ஆள். வலையுலகத்துல ஆபீஸ் வேலையை "ஆணி புடுங்கறது" என்பாங்க. எனக்கு நிஜமாவே ஆணி, போல்ட், நட்டுதான். காலேஜ் நாள்ல ஆறு கம்பி கிடார் வாசிச்சிட்டிருந்தேன். 2013-ல் அப்போ வேலை பார்த்துட்டிருந்த யூனிட்ல, பவர் பிரஸ்ஸுக்குக் கார்டு போடாம ஓட்டச் சொன்ன ஒரு நாள், இடது கை மோதிர விரலோட மேல் கணு போயிடுச்சு. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம். கொடுத்த நஷ்ட ஈடு ஆஸ்பத்திரிச் செலவுக்கும் ஆட்டோவுக்கும் சரியாப் போச்சு. கோயமுத்தூர்ல இந்த மாதிரி கைகளை டீக்கடையில நின்னு எண்ணிப் பாருங்க, உங்களுக்கே புரியும்.

கிடார் வாசிக்கிறவனுக்கு இடது கைதான் கம்பியை அழுத்துற கை. கிடாரை அக்கா பையன்கிட்ட கொடுத்துட்டேன். அதைவிட, ஒரு பழக்கம் வந்துடுச்சு. போட்டோன்னா இடது கை தானா பேன்ட் பாக்கெட்டுக்குள்ள போயிடும். பஸ்ல கம்பியைப் பிடிச்சா வலது கை. ஒன்பது வருஷம் இப்படியே ஓடிடுச்சு.

2022-ல் ட்ரூப் நடத்தற நண்பன் ஒருத்தன் போன் பண்ணினான். "மாப்ள, பேஸ் வாசிக்கிறவன் துபாய் போயிட்டான்டா. நீ வாடா." எனக்குக் கோபம்தான் வந்தது. "என் கையைப் பார்த்துட்டுத்தான் கூப்பிடறியா?" என்றேன். "பார்த்துட்டுத்தான்டா கூப்பிடறேன். நாலு கம்பிதானே, வந்து தொட்டுப் பாரு" என்றான். செகண்ட் ஹேண்ட் பேஸ் ஒண்ணை அவனே கொண்டுவந்து வீட்டுத் திண்ணையில சாத்தி வச்சுட்டுப் போயிட்டான். அது ரெண்டு நாள் அங்கேயே கிடந்தது.

மூணாவது நாள் நான் முதல்ல எடுத்தது வெர்னியர் காலிப்பர். தொழில் புத்தி! பேஸ்ல கம்பி நீளம் 34 அங்குலம், அதாவது 864 மில்லிமீட்டர். கிடாரைவிட எல்லாமே அகலம். அஞ்சாவது ஃபிரெட்டிலிருந்து எட்டாவது ஃபிரெட் 103 மில்லிமீட்டர். அஞ்சிலிருந்து ஏழு 70 மில்லிமீட்டர் சொச்சம். நாலு விரலும் முழுசா இருக்கிறவனுக்கே இழுக்கும். எனக்கு எப்படி?

இங்கதான் பென்டடானிக் வந்து கை கொடுத்தது. ஏழு சுர ஸ்கேலை ஒரே இடத்துல கையை வச்சு வாசிச்சா ஒரு கம்பிக்கு மூணு சுரம் வரைக்கும் வரும். ஆள்காட்டி, நடு, மோதிரம், சுண்டு எல்லாம் வேலை செய்யணும். பென்டடானிக்ல ஒரு கம்பிக்கு ரெண்டே சுரம். ஏ மைனர் பென்டடானிக்னா தடிமன் கம்பியில 5, 8. அடுத்த கம்பியில 5, 7. அதுக்கடுத்து 5, 7. கடைசிக் கம்பியிலயும் 5, 7. ஆள்காட்டி விரல் அஞ்சாவது ஃபிரெட்ல உக்காந்துக்கும். மத்ததைச் சுண்டு விரல் பார்த்துக்கும். மோதிர விரலுக்கு அங்க வேலையே இல்லை.

கத்துக்கொடுக்கிற புத்தகம் பூரா ஏழாவது ஃபிரெட்டுக்கு மோதிர விரல்னுதான் போட்டிருக்கும். ஆனா டபுள் பேஸ்காரங்க ஒரு நூறு வருஷத்துக்கு மேலா வேற மாதிரி வாசிக்கிறாங்க. சிமாண்டல் என்கிற 19-ஆம் நூற்றாண்டு பேஸ் வாத்தியார் எழுதின பாடமுறையில், கழுத்தோட மேல் பகுதியில ஆள்காட்டி, நடு, சுண்டு மூணுதான் கணக்கு. மோதிர விரல் சுண்டு விரலுக்கு முட்டுக் கொடுத்துட்டு நிக்கும். முட்டுக் கொடுக்க மேல் கணு எதுக்கு? மிச்சம் இருக்கிற ரெண்டு கணு தாராளம். அந்த முறையைப் பார்த்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை.

சுண்டு விரல் இருக்கே, அது வீட்டுக் கடைக்குட்டி மாதிரி. எந்த வேலையும் பழகியிருக்காது. முதல் ஒரு மாசம் பத்து நிமிஷத்துக்கு மேல வாசிச்சா மணிக்கட்டு வரைக்கும் வலி. அடிக் கம்பி இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல தடிமன், கிட்டத்தட்ட சைக்கிள் பிரேக் ஒயர் சமாச்சாரம். கட்டை விரலைக் கழுத்துக்குப் பின்னால தளர்வா வச்சு, கையை மொத்தமா நகர்த்தி, விரலை விரிக்காம வாசிக்கப் பழகினதுக்கப்புறம்தான் வலி குறைஞ்சது. வலிச்சா நிறுத்திடணும், இது ரொம்ப முக்கியம்.

அந்த மாசங்கள்ல எனக்குத் துணையா இருந்தது ரெண்டு பேர். ஒருத்தர் டோனி அயோமி. பிளாக் சபாத் குழுவோட கிடார்காரர். பர்மிங்காம்ல தகடு வேலை செய்யற ஃபேக்டரியில, 17 வயசுல, வேலையை விடப் போற கடைசி நாள்ல, மெஷின் ரெண்டு விரல் நுனியை எடுத்துக்கிச்சு. நடு விரல், மோதிர விரல். அவர் இடது கைக்காரர் என்பதால் கம்பியை அழுத்துறது வலது கை, போனதும் அந்தக் கையில்தான். மனசொடிஞ்சு கிடந்தவருக்கு, ரெண்டு விரல் செயலிழந்த பிறகும் வாசிச்ச ஜாங்கோ ரைன்ஹார்ட்டோட இசைத்தட்டைப் போட்டுக் காட்டினது அந்த ஃபேக்டரி மேனேஜர்தான். அயோமி பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரலுக்குத் தொப்பி செஞ்சு, மேல தோல் ஒட்டிக்கிட்டார். 1970-ல் முதல் ஆல்பம். 2025 ஜூலை 5-ஆம் தேதி அதே பர்மிங்காமில் கடைசிக் கச்சேரி வாசிச்சப்போ அவருக்கு 77 வயசு.

இன்னொருத்தர் ஜேம்ஸ் ஜேமர்சன். டெட்ராய்ட்ல மோடவுன் கம்பெனிக்கு வாசிச்சவர். கம்பியைத் தட்டறதுக்கு வலது கையில ஆள்காட்டி விரல் ஒண்ணை மட்டும்தான் உபயோகிச்சார். அந்த ஒத்தை விரல்ல எத்தனையோ ஹிட் பாட்டு. 1971-ல் வந்த மார்வின் கேயின் ஆல்பம் வரைக்கும் அட்டையில அவங்க யார் பேரும் போடலைங்கிறது தனி சோகம். நம்ம இளையராஜா பாட்டுக்குப் பல வருஷம் பேஸ் வாசிச்ச சசிதரன் பேரையும் எத்தனை கேசட் அட்டையில பார்த்திருக்கீங்க? சொல்லுங்க.

ஆறு மாசம் கழிச்சு ரிகர்சலுக்குப் போனேன். ட்ரூப்ல கீபோர்ட் வாசிக்கிற மாஸ்டருக்கு அறுபது வயசுக்கு மேல. ஆர்மோனியத்துல ஆரம்பிச்சவர். நான் ஓரமா உக்காந்து பயிற்சி பண்ணிட்டிருந்தேன்.

"என்னங் தம்பி வாசிக்கறீங்க?"

"ஏ மைனர் பென்டடானிக், மாஸ்டர்."

"அப்படீங்களா. நம்மூர்ல அதுக்குச் சுத்த தன்யாசின்னு பேருங்க."

சொல்லிட்டு கீபோர்டுல அடி ஸ்தாயியில 'சி'யை அமுக்கிப் பிடிச்சார். "இப்ப அதே அஞ்சை வாசிங்க. ஒண்ணும் மாத்த வேண்டாம்." வாசிச்சேன். விரல் அதே இடம், கம்பி அதே கம்பி. ஆனா கேட்டது வேற. அழுதுட்டிருந்த குழந்தை சிரிச்ச மாதிரி. "மோகனம்" என்றார். அடுத்து 'டி'யைப் பிடிச்சார். "மத்தியமாவதி. கச்சேரி முடிக்கறதுக்குப் பாடுவாங்கல்ல, அது." 'ஈ'யைப் பிடிச்சார், இந்தோளம். 'ஜி'யைப் பிடிச்சார், சுத்த சாவேரி. இதுக்குக் கிரக பேதம்னு பேர். ஸ எதுன்னு மாத்தினா ராகமே மாறிடும். ராகம்னா வெறும் சுர வரிசை இல்லை, கமகம், பிடி எல்லாம் இருக்குன்னும் சொன்னார். ஆனா அந்த சாயங்காலம் எனக்கு அந்த அஞ்சு பேரே போதுமா இருந்தது.

அப்புறம் ஒரு வார்த்தை சொன்னார். "இத்தனை நேரம் கீழ நான் புடிச்சேன். மேடையில அதை நீங்க புடிக்கோணும். மேல யாரு என்ன வாசிச்சாலும் ராகத்துக்குப் பேரு வைக்கறது நீங்கதானுங்."

பென்டடானிக் பத்தி எல்லாரும் சொல்றது, "இதுல எதைத் தொட்டாலும் தப்பு வராது" என்பது. உண்மைதான். கிடாருக்கோ கீபோர்டுக்கோ அது வரம். பேஸுக்கு அதுலதான் சிக்கலே. ஏ, சி, ஈ, ஜி நாலையும் சேர்த்து ஒருத்தர் பிடிக்கிறார்னு வைங்க. கீழே நான் ஏ வாசிச்சா அது ஏ மைனர் செவன், மனசு கொஞ்சம் கனக்கும். நான் சி வாசிச்சா அதே நாலு சுரம் சி சிக்ஸ், முகம் மலரும். ரெண்டும் தப்பில்லை. தப்பில்லாத ரெண்டுல இந்தப் பாட்டுக்கு எதுங்கிறதை முடிவு பண்றதுதான் பேஸ்காரனோட வேலை. அந்தப் பெட்டிக்குள்ளயே சும்மா மேய்ஞ்சுட்டிருந்தா பாட்டு நல்லாத்தான் இருக்கும். ஆனா பாடறவங்களுக்கு நிக்கத் தரை இருக்காது. வேகமா ஏறி இறங்கறதை ஆறு மாசத்துல பழகிட்டேன். எங்கே நிக்கணும், எவ்வளவு நேரம் நிக்கணும் என்பதைப் பழக ஒன்றரை வருஷம் ஆச்சு. இன்னும் பழகிட்டுத்தான் இருக்கேன்.

2024 தை மாசம், பொள்ளாச்சி பக்கம் ஒரு ரிசப்ஷன். பத்ரகாளி படத்துல (1976) யேசுதாஸும் சுசீலாவும் பாடின 'கண்ணன் ஒரு கைக்குழந்தை' லிஸ்ட்ல இருந்தது. மோகனம். மாஸ்டர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நான் ஸ-வும் ப-வும், நடுநடுவே கீழேயிருந்து ஒரு த. அவ்வளவுதான் வாசிச்சேன். பாடின பொண்ணு திரும்பிக்கூடப் பார்க்கலை. பேஸ்காரனுக்கு அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. திரும்பிப் பார்த்தாத்தான் பிரச்சனை!

இடைவேளையில ஆறு ஏழு வயசுப் பொடியன் ஒருத்தன் மேடை விளிம்புல கைவச்சு என்னையே பார்த்துட்டிருந்தான். "மாமா, உங்க விரல் எங்க?" அவங்க அம்மா பதறிப்போய் இழுத்தாங்க. "இருக்கட்டுங்க" என்றேன். "மெஷின் எடுத்துக்கிச்சு கண்ணு." பையன் கொஞ்சம் யோசிச்சான். "அப்ப இதுக்கு அந்த விரல் வேண்டாமா?" "இந்தப் பாட்டுக்கு வேண்டாம்" என்றேன். "சரி" என்று ஐஸ்கிரீம் பக்கம் ஓடிட்டான். அவ்வளவுதான் விசாரணை. அதுக்கப்புறம்தான் கவனிச்சேன், என் இடது கை மூணு மணி நேரமா அத்தனை பேருக்கும் எதிர்ல விளக்கு வெளிச்சத்துல இருந்திருக்கு.

பழகணும்னு நினைக்கிறவங்களுக்குச் சில குறிப்பு, என் அனுபவத்துல இருந்து:

முதல்ல ஒரே ஒரு பெட்டி. ஏ மைனர், அஞ்சாவது ஃபிரெட். மெட்ரோனோம் 60-ல் வச்சு ஒரு தட்டுக்கு ஒரு சுரம். வேகம் வேண்டாம். ஒவ்வொரு சுரமும் அடுத்தது வர்ற வரைக்கும் கேக்கணும், மத்த கம்பி சத்தம் போடக் கூடாது. பேஸ்ல கம்பியை அடக்கறது தட்டறதைவிடக் கஷ்டம். ரெண்டு வாரம் இது போதும்.

அடுத்தது, மொபைல்ல தம்பூரா ஆப் ஒண்ணு போட்டு 'ஏ' சுருதியில வைங்க. பெட்டியை மேலும் கீழும் வாசிங்க. கையை நகர்த்தாம சுருதியை மட்டும் 'சி'க்கு மாத்துங்க. அப்புறம் டி, ஈ, ஜி. ஒவ்வொண்ணுலயும் எந்தச் சுரத்துல போய் நின்னா வீட்டுக்கு வந்த மாதிரி இருக்குன்னு காதால தேடுங்க. பேப்பர்ல எழுதி வச்சுட்டு வாசிக்காதீங்க.

கடைசியா, தம்பூராவை நிறுத்திட்டு அந்த வேலையை நீங்க எடுத்துக்குங்க. வீட்டுல யாராவது ஒரு மோகனப் பாட்டை முணுமுணுத்தா கீழே ஒரே ஒரு சுரம் பிடிங்க. பாடறவங்க பாட்டுக்குப் பாடிட்டே போனாங்கன்னா நீங்க பிடிச்ச சுரம் சரி. நிறுத்திட்டு உங்களைப் பார்த்தாங்கன்னா வேற சுரத்தைப் பிடிங்க. மொத்தமே அஞ்சுதானே, கிடைச்சிடும்.